கூரையும் அயலும்: பொது வாடகைக் குடியிருப்புகளில் ஒழுங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பெயரிலேயே கடலையும் கலத்தையும் தாங்கி நிற்கும் ஊர் கப்பல்துறை. திருகோணமலைத் துறைமுகச் சூழலில் அமைந்த இவ்வூரையும் அதன் அயலூர்களையும் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தையும், அதன்பொருட்டு ஐரோப்பிய வல்லரசுகள் நடத்திய போர்களையும் எழுதியே அமைவர். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியமை, 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை, 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமை ஆகிய யாவும் வரலாற்று மாணவர் அறிந்தவையே. ஆயின் துறைமுகத்தில் உழைத்தோர் இரவில் எங்கே படுத்தனர், அவர்தம் தலைக்கு மேலிருந்த கூரை எவருடையது என்னும் வினாக்கள் அத்துணை அடிக்கடி எழுப்பப்படுவதில்லை.

துறைமுகமும், புகையிரத நிலையமும், எண்ணெய்க் குதங்களும், கச்சேரியும் உள்ள ஒரு நகரம் தன் சொந்தக் காணியில் வீடு கட்டி வாழ்வோரை மட்டும் கொண்டு இயங்குவதன்று. வெளியிடங்களிலிருந்து வந்து பணிபுரிவோர்க்கு விடுதி வேண்டும். 1979இல் துறைமுக அதிகார சபை தோன்றியமையும், 1980 அளவில் சீனன்குடாவில் மாவாலை இயங்கத் தொடங்கியமையும், 1988இலும் பின்னர் 2007இலும் திருகோணமலை மாகாண நிருவாகத்தின் தலைமையிடமாக அமைந்தமையும் இத்தேவையைப் பெருக்கினவேயன்றிக் குறைக்கவில்லை. ஆகவே பிறருடைய கூரையின்கீழ், குறிப்பாக அரசினது கூரையின்கீழ், அயலார் பலரோடு நெருங்கி வாழ்தல் என்பது இப்பகுதியாருக்குப் புதியதன்று.

இவ்வாறு நெருங்கி வாழுமிடத்தில் ஒருவரோ ஒரு குடும்பமோ அயலார்க்குத் தொல்லையாக அமையின் செய்யத்தக்கது யாது? வீட்டுடைமையாளராகிய அரசுக்கு அதிற் கடமை உண்டா? உண்டெனின் அதன் எல்லை எது? இவ்வினாக்களுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இலங்கையிலும் பிற நாடுகளிலும் அளிக்கப்பட்ட விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். ‘சமூக விரோத நடத்தை’ என்று இன்று வழங்கப்படும் தொடர் மூவேறு பொருள்களை ஒன்றாகக் கட்டிவைத்துள்ளது. குடித்துவிட்டு வந்து அயல் வீட்டுக் கதவை உதைத்தல், பெண்களை அச்சுறுத்தல், கசிப்பு விற்றல் போன்றன உண்மையான தீங்குகள். இவற்றால் முதலில் வருந்துவோர் அதே வரிசையில் வாழும் ஏழைகளே. பொதுக் குழாயடியில் மூளும் சண்டையும், ஒற்றை அறையில் எண்மர் வாழ்வதால் எழும் இரைச்சலும் வேறு. அவை இடநெருக்கடியின் விளைவுகள். வாசலில் ஆடு கட்டுதல், திருவிழாக் காலத்தில் பறையறைதல் போன்றன மூன்றாம் வகையின. அவை ஒருசாரார்க்கு வழக்கமும் மற்றொரு சாரார்க்கு வெறுப்புமாம். இம்மூன்றையும் பிரித்தறியாது ஒரே தண்டனையால் அடக்க முயன்றபோதெல்லாம் அநீதி விளைந்தது என்பதே வரலாறு காட்டும் உண்மை.

தொழிலும் வீடும் ஒருவர் கையிலேயே இருந்த நிலையை முதலில் நோக்குவோம். இலங்கையில் இதன் முழு வடிவத்தை மலையகப் பெருந்தோட்டங்களிற் காணலாம். லயன் காம்பிராக்களின் உடைமையாளர் தோட்ட நிருவாகம். வேலை கொடுப்பதும் அதுவே. குடியிருப்பில் நடந்த சச்சரவை விசாரிப்போரும் கங்காணியும் துரையுமே. ஆதலால் வரிசையிலே எழுந்த சண்டைக்கு வேலைநீக்கம் தண்டனையாகலாம். வேலைத்தலத்தில் எதிர்த்துப் பேசியமைக்கு வீட்டை இழத்தல் தண்டனையாகலாம். ஒழுங்கு அங்கு நிலவியது உண்மையே. ஆயின் அஃது அச்சத்தின் ஒழுங்கு.

இம்முறையின் உட்பொருளை வெளிப்படுத்திய நிகழ்ச்சி கேகாலைப் பகுதியிலுள்ள, மக்கள் உருளவள்ளி என வழங்கும் நேவ்ஸ்மியர் தோட்டத்தில் 1946இல் நிகழ்ந்தது. கிராம விஸ்தரிப்புக்கென அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்த தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போக மறுத்தனர். தோட்டப் பகுதிகளில் வேலைநிறுத்தமும் மூண்டது. வெளியேறாதோர் மீது தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அச்சட்டப்படி ஒருவர் அத்துமீறியவராவதற்கு, உடைமையாளர்க்குத் தொல்லை கொடுக்கும் நோக்கம் இருத்தல் வேண்டும். இவ்வழக்குகளுள் ஒன்று பிரிவி கவுன்சில் வரை சென்று 1950இல் முடிவுற்றது. தான் தங்கியிருப்பது உடைமையாளர்க்குத் தொல்லையாகும் என்று ஒருவர் அறிந்திருத்தல் மட்டும் போதாது. தொல்லை கொடுத்தலே அவருடைய மேலோங்கிய நோக்கமாக இருத்தல் வேண்டும் என்று அங்கு கொள்ளப்பட்டது. வேறு போக்கிடமின்றித் தன் வீட்டில் தங்கியவன் குற்றவாளியாகான் என்பதே அதன் சாரம்.

இத்தீர்ப்பு சட்ட மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ‘தொல்லை’ என்னும் சொல்லை எவர் எவரை நோக்கிச் சொல்கின்றனர் என்று கேட்குமாறு அது நமக்குக் கற்பிக்கின்றது. அயலார்க்குத் தொல்லை கொடுத்தல் வேறு. உடைமையாளர்க்கு இடையூறாக இருத்தல் வேறு.

தோட்டத்துரையின் ஆட்சிக்கு மாறாக, வாடகை வீட்டு நிருவாகத்தை ஒரு சமூகப் பணியாகக் கொள்ளும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் உருவாயிற்று. 1865இல் ஒக்டேவியா ஹில் என்னும் அம்மையார், அறிஞர் ஜோன் ரஸ்கின் வாங்கிக் கொடுத்த மூன்று சிறு வீடுகளை மேரிலெபோன் பகுதியிற் பொறுப்பேற்றார். வாரந்தோறும் தாமோ தம்மாற் பயிற்றப்பட்ட பெண்களோ நேரிற் சென்று வாடகை பெறுதல், பழுதை உடனுக்குடன் திருத்துதல், திருத்தச் செலவில் மீதி வந்தால் குடியிருப்போர் விரும்பிய வசதிக்கே அதைச் செலவிடுதல் என்பன அவர் கைக்கொண்ட முறைகள். வாடகை கொடாதோரையும் அயலைக் கெடுப்போரையும் வெளியேற்ற அவர் தயங்கினாரல்லர். அவர்தம் போக்கில் மேற்சாதியாரின் மேட்டிமை இருந்ததென்று பிற்காலத்தோர் குறை கூறுவர். அது பொருந்தாக் குற்றச்சாட்டன்று. எனினும் ஒன்றை மறுத்தல் இயலாது. குடியிருப்போரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் உடைமையாளர் தம் கடமையை முதலில் முடித்துவிட்டு வரல் வேண்டும் என்பதை அவர் நடைமுறையில் நிறுவினார்.

இதே எண்ணம் ஒல்லாந்து தேசத்திற் பரவியபோது வேறொரு வடிவம் பெற்றது. திருகோணமலைக் கோட்டையில் ஒருகாலத்திற் கொடியேற்றிய அந்நாட்டார், 1920களில் ஆம்ஸ்ரடாம் நகரில் ‘ஒவ்வாத’ குடும்பங்கள் எனக் கருதப்பட்டோர்க்கெனத் தனிக் குடியிருப்புகளை அமைத்தனர். அவற்றுள் அஸ்ரர்டோர்ப் என்பது பலராலும் அறியப்பட்டது. சுற்றிலும் மதில், புகுவதற்கு ஒரே வாயில், உள்ளே மேற்பார்வையாளர். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவும் வாடகையை ஒழுங்காகக் கொடுக்கவும் பழகிய குடும்பம் பின்னர் சாதாரண நகராட்சி வீட்டுக்கு மாற்றப்படும் என்பது திட்டம். நோக்கம் திருத்தமே. ஆயின் அங்கு வாழ்ந்ததே ஒரு வடுவாகிவிட்டது; அம்முகவரியைச் சொன்னவர் வெளியுலகில் நாணங்கொள்ள நேர்ந்தது. நாற்சியர் ஆட்சிக்காலத்தில் அதே மதிலும் வாயிலும் யூத மக்களை அடைத்துவைக்கப் பயன்பட்டன. மனிதரைத் திருத்துவதற்கென எழுப்பிய மதில், அடுத்து வரும் ஆட்சியாளரின் கையில் எதற்குப் பயன்படும் என்பதை எழுப்பியவர் அறியார்.

மதிலை நாடாமற் சட்டத்தை நாடிய வழியும் ஒன்றுண்டு. முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்வை எதிர்த்துத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தின. பெண்களே அதில் முன்னின்றனர். அதன் விளைவாக 1915இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. உடைமையாளர் தம் விருப்பம்போல் எவரையும் வெளியேற்ற இயலாதாயிற்று. ஆயினும் சில விதிவிலக்குகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, குடியிருப்பவர் அயலிலுள்ளோர்க்குத் தொல்லையாக நடந்துகொள்ளுதல். பாதுகாப்பையும் பொறுப்பையும் ஒரே சட்டம் இணைத்த விதம் கருதத்தக்கது. எவரையும் காரணமின்றி வெளியேற்றலாகாது என்று ஆன பின்னரே, எக்காரணத்தால் வெளியேற்றலாம் என்னும் கேள்விக்குப் பொருள் உண்டாகின்றது.

இலங்கையில் நகர வீட்டுப் பிரச்சினை சட்டத்தின் கவனத்தைப் பெற்றதற்கு நோயே உடனடிக் காரணமாயிற்று. 1914இல் கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியது; அடுத்த ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அன்றைய அதிகாரிகளின் கண்ணில் ஏழைகளின் குடியிருப்பு நோயின் இருப்பிடமாகவே பட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், திருகோணமலை குண்டுவீச்சுக்குள்ளான அதே 1942இல், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. கிளாஸ்கோப் பெண்களின் போராட்டத்திற் பிறந்த ஏற்பாட்டை இவற்றிலும் காணலாம். வாடகைக் குடியிருப்பாளரோ அவரோடு உடன் வாழ்வோரோ அயலிலுள்ளோர்க்குத் தொல்லையாக நடந்துகொண்டார் என நீதிமன்றம் கருதினால் வெளியேற்றலாம் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ‘நீதிமன்றம் கருதினால்’ என்னும் சொற்களே இங்கு முக்கியமானவை. உடைமையாளரின் கருத்துப் போதாது. சான்று வேண்டும், விசாரணை வேண்டும்.

அரசே வீட்டுடைமையாளராகுமிடத்து நிலைமை வேறு. 1969ஆம் ஆண்டின் அரசாங்க விடுதிகள் உடைமை மீட்புச் சட்டம், உரிய அதிகாரி அறிவித்தல் கொடுத்து, பின் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்து, விடுதியை மீட்கும் சுருக்கமான வழியை வகுத்தது. 1979ஆம் ஆண்டின் அரச காணிகள் உடைமை மீட்புச் சட்டமும் இத்தகையதே. அதன்கீழ் அழைக்கப்பட்டவர் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் தம்மிடம் உண்டென்று காட்டலாமேயன்றி வேறு நியாயம் பேச இடமில்லை. பணியை விட்டு நீங்கிய பின்னும் விடுதியை விடாதோர் பலராக, காத்திருப்போரும் பலராக உள்ள நாட்டில் இச்சுருக்கவழிக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் உடைமையை மீட்க வகுத்த இவ்வழி அயலாரின் அமைதியைக் காக்க வகுத்ததன்று. இரவில் அயல் விடுதியில் நிகழும் அடிதடிக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் குடும்பத்துக்கு இச்சட்டத்தில் ஓரிடமும் இல்லை. சட்டத்தின் முன்னால் நிற்போர் அரசும் குடியிருப்பவருமே. அயலார் அங்கு இல்லை.

பொதுமக்களுக்கென அரசு கட்டிய வாடகை வீடுகளின் கதை இதனினும் சிந்தனைக்குரியது. 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்த காலத்தில் பம்பலப்பிட்டி, மாளிகாவத்தை முதலிய இடங்களில் தொடர்மாடி வீடுகள் எழுந்தன. 1970இல் பதவியேற்ற அரசில் வீடமைப்பு அமைச்சராக விளங்கிய பீற்றர் கெனமன் காலத்தில் மூன்று முக்கிய சட்டங்கள் 1973இல் நிறைவேறின. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் மிகையான வீடுகளை உடைமையாளரிடமிருந்து எடுத்துக் குடியிருப்போர்க்கு உரிமையாக்க வழிசெய்தது. மாடிவீட்டு உரிமைச் சட்டம் தொடர்மாடியின் ஒவ்வொரு வீட்டையும் தனியுடைமையாக்க இடங்கொடுத்தது. பொது வசதிகள் சபையை அமைத்த சட்டம் படிக்கட்டு, நீர்த்தாங்கி, முற்றம் ஆகியவற்றைப் பேணும் பொறுப்புக்கு ஓர் அமைப்பை உண்டாக்கியது. வாடகைக் கூரையின்கீழ் வாழ்நாளைக் கழித்த எளியோர்க்குச் சொந்த வீடு கிடைத்தமை சிறு நன்மையன்று. அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயின் அந்நன்மையோடு ஓர் இழப்பும் வந்தது. வாடகை அறவிடும் அலுவலரோடு முறைப்பாடு கேட்கும் அலுவலரும் மறைந்தார். அவர் நல்லவராகவோ அல்லாதவராகவோ இருந்திருக்கலாம். ஆனால் ‘இன்னாரிடம் சொல்லலாம்’ என்னும் ஒரு வாயில் இருந்தது. படிக்கட்டில் விளக்கு எரியாவிட்டாலும், மேல்மாடியிலிருந்து குப்பை வீசப்பட்டாலும், கீழே கூடி நிற்போரால் பெண்பிள்ளைகள் நடமாட அஞ்சினாலும், அனைவரும் உடைமையாளரான இடத்தில் எவரும் பொறுப்பாளர் அல்லர். பொது வசதிகள் சபை 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையாக மாறியது. ஆயினும் கட்டடத்தைப் பேணும் அமைப்பு வேறு, அயலுறவைப் பேணும் அமைப்பு வேறு.

அயலுறவைப் பேணும் பணிக்கென இந்நாட்டில் எழுந்தவை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இணக்க சபைகள். அரசியற் சார்பினால் அவை நம்பிக்கையிழந்து 1978இல் ஒழிக்கப்பட்டன. அவ்வனுபவத்தை மனங்கொண்டு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை உருவாக்கியது. பிணக்குக் கொண்டவர் ஒவ்வொருவரும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிகின்றனர். அவ்விருவரும் கூடி மூன்றாமவரைத் தெரிகின்றனர். சட்டத்தரணிகள் அங்கு வாதாடுவதில்லை. சபை தீர்ப்பு விதிப்பதில்லை. இணங்கச் செய்ய முயல்கின்றது. இயலாவிடின் அதற்குரிய சான்றிதழைக் கொடுத்து நீதிமன்றுக்கு வழிவிடுகின்றது. தமிழர் வாழும் சிங்கப்பூரிலும், பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய தொடர்மாடிகளில் வாழ்வதால், 1998இல் சமூக மத்தியஸ்த நிலையம் தொடங்கியது. இணக்கத்துக்கு இடங்கொடாத அயல் தொல்லைகளை விசாரிக்க 2015இல் தனி நியாயசபையும் அமைந்தது. இணக்கம் முதலில், கட்டளை பின்னர் என்னும் வரிசை இரு நாடுகளுக்கும் பொதுவானது.

மத்தியஸ்தத்தின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். இரைச்சல், நீர், வேலி, குப்பை பற்றிய பிணக்குகளில் இருவரும் ஒரு மேசையில் அமரலாம். அச்சுறுத்தப்பட்டவரை அச்சுறுத்தியவரோடு சமமாக அமர்த்துதல் நீதியாகாது. அங்கு காவல்துறையும் நீதிமன்றமுமே உரிய இடங்கள். மேலே கூறிய மூவகைப் பாகுபாடு இங்குதான் பயன்படுகின்றது.

தண்டனையை மட்டும் நம்பிய வழியின் பயன் யாது என்பதற்கும் அண்மை வரலாறு சான்று தருகின்றது. பிரித்தானியாவில் 1998இல் சமூக விரோத நடத்தைக் கட்டளைகள் அறிமுகமாயின. குடியியல் முறையில் விதிக்கப்பட்ட அக்கட்டளையை மீறுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சிறுவர் பலர் அதனால் குற்றவாளிகளாயினர் என்ற கண்டனம் வலுத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை மாற்றப்பட்டது. அதே காலத்தில் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் வேறொரு முயற்சி நடந்தது. வெளியேற்றப்பட்ட அல்லது வெளியேற்றப்படவிருந்த குடும்பங்களுக்கு வீடும் கொடுத்து, குடிப்பழக்கம், பிள்ளை வளர்ப்பு, கடன் ஆகியவற்றில் உதவியாளரையும் அமர்த்தினர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் அதனை ஆராய்ந்து, பெரும்பாலான குடும்பங்களில் நற்பயன் விளைந்தது என்று கண்டனர். ஒரு குடும்பத்தை வெளியேற்றினால் அதன் தொல்லை மறைவதில்லை. அடுத்த தெருவுக்குக் குடிபோகின்றது.

தெருவையே குற்றவாளியாக்கும் போக்கும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், 2000ஆம் ஆண்டளவிலிருந்து சென்னை நகரத்து ஏழைகளைத் தெற்கே கண்ணகி நகரில் குடியேற்றியது. தொழிலும் பள்ளியும் விட்டு வெகுதூரம் பெயர்க்கப்பட்ட மக்கள் அங்கு நெருக்கப்பட்டனர். நாளடைவில் அப்பெயரே குற்றத்தின் பெயராக ஊரார் வாயில் வழங்கலாயிற்று. அம்முகவரியைச் சொன்ன இளைஞர்க்கு வேலை மறுக்கப்பட்ட செய்திகள் பல வெளிவந்தன. ஆம்ஸ்ரடாமில் மதில் கட்டி உண்டாக்கிய வடு, இங்கு மதிலின்றியே உண்டாயிற்று. சிலப்பதிகாரத் தலைவி நீதி கேட்டு நின்றவள். அவள் பெயர் தாங்கிய ஊர் மக்களுக்கு அந்நீதி எளிதிற் கிட்டவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்துப் புலனாவது யாது? அச்சத்தால் ஒழுங்கு காத்த தோட்ட முறையும், மதிலால் ஒழுங்கு காக்க முனைந்த ஒல்லாந்து முறையும், கட்டளையால் மட்டும் ஒழுங்கு காக்க முனைந்த பிரித்தானிய முறையும் நிலைக்கவில்லை. உடைமையாளர் முற்றாக ஒதுங்கிய இடத்தில் அயலார் கைவிடப்பட்டனர். நற்பயன் விளைந்த இடங்களில் சில பண்புகள் பொதுவாக உள்ளன. கூரையையும் குழாயையும் விளக்கையும் பேணும் கடமையை உடைமையாளர் முதலில் நிறைவேற்றினார். பெயரறிந்து அணுகத்தக்க ஒருவர் அடிக்கடி நேரில் வந்தார். முறைப்பாடு செய்தவர்க்கும் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கும் பேச இடமிருந்தது. வெளியேற்றல் இறுதி வழியாக இருந்தது. அவ்வழிக்குச் சான்றும் விசாரணையும் வேண்டப்பட்டன.

திருகோணமலைத் துறைமுகச் சூழலில் இவ்வினா ஏட்டளவினதன்று. மூவினத்தாரும் அருகருகே வாழும் இப்பகுதியில், இரு குடும்பங்களுக்கிடையே குழாயடியில் மூளும் பூசல் நேரத்தோடு தீர்க்கப்படாவிடின் இனங்களுக்கிடையிலான பூசலாகத் திரிக்கப்படுதல் கூடும். இடப்பெயர்வுகளைப் பலமுறை கண்ட மக்களிடம் ‘வெளியேறு’ என்னும் சொல் எழுப்பும் அச்சமும் பிறர்க்கு எளிதில் விளங்காது. ஆகவே இங்கு அயலமைதி பற்றிய பணி மிகுந்த நிதானத்தோடு செய்யப்பட வேண்டியதாகும்.

கப்பல் ஒன்று துறையை அடைந்தால் அதைக் கட்டிவைக்கும் கயிறு இறுகவும் கூடாது, தளரவும் கூடாது என்பது துறைமுகத் தொழிலாளர் யாவரும் அறிந்தது. இறுகிய கயிறு வற்றுப்பெருக்கில் அறும்; தளர்ந்த கயிறு கலத்தைக் கரையில் மோதவிடும். பிறர் கூரையின்கீழ் வாழ்வோரின் ஒழுங்கும் அத்தன்மையதே. அக்கயிற்றின் ஒரு முனையைக் குடியிருப்போர் பற்றியிருக்கையில், மறுமுனையை அரசு கைவிடலாகாது.